சரணாகதியில் நான் இடறிய இடங்கள்

புதிதாக ஜெபத்தில் உட்காருபவர்கள் என்னிடம் வந்து பேசும்போது, இருபது வருஷத்துக்கு முந்தைய என் குரலே காதில் விழுகிறது. மனசு அலைபாய்வது, தூங்கி வழிவது எல்லாம் உட்கார உட்காரச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன். தன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கிற சரணாகதியில் நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கடவுளுக்குக் கெடு வைப்பது

வேண்டாம்.

பூனைக்குட்டியைச் சாக்காக்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலை, தென்கலைக்கு ஆளுக்கொரு உவமை உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். இது வடகலையார் காட்டுவது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இது தென்கலையார் சொல்வது. இரண்டாவதைக் கேட்டதும் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். "அப்போ நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்தானே?"

ஐயா, அந்த வாதமே மோட்சத்தைப் பற்றியது. கொடுக்க வேண்டிய கடனும் கேட்க வேண்டிய மன்னிப்பும் அதில் வரவே இல்லை. தென்கலையார் கைங்கரியத்தை, அதாவது இறைத்தொண்டை, விட்டுவிட்டா உட்கார்ந்தார்கள்?

நானும் இப்படித்தான் ஒளிந்துகொண்டேன். அக்காவோடு ஒருநாள் வார்த்தை தடித்துவிட்டது. தப்பு என் பேரில். தினமும் போனில் அவள் நம்பரை எடுப்பேன். கட்டைவிரல் பச்சைப் பொத்தான்மேல் போய் நிற்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாலையை எடுத்து, "நீயே அவ மனசை மாத்து" என்று உருட்ட ஆரம்பிப்பேன். பதினோரு மாதம். அதற்குச் சரணாகதி என்று பெயர் வேறு வைத்திருந்தேன். ஒருவழியாகக் கூப்பிட்டபோது, பிறந்ததிலிருந்து என்னை 'டா' போட்டவள், "சொல்லுங்க" என்றாள்.

பொத்தானை அழுத்தத் தைரியம் கொடு என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். அந்த உதவியை நான் கேட்கவே இல்லை.

புல்லரித்தால் அருள் என்பது

மின்விசிறியைக் குறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

தன்னையே திட்டிக்கொண்டிருப்பது

சரணாகதிக்கு ஆறு அங்கங்கள். அதில் கார்ப்பண்யம் என்பது, என்னால் ஆகவில்லை என்று ஒத்துக்கொள்வது. அதை ஒரு வரியில் சொல்லி முடிக்கலாம். "நான் பாவி, நான் புழு" என்று ஒரு மணி நேரம் நீட்டினால், அத்தனை நேரமும் பேச்சு 'நான்' பற்றித்தான். கோப்த்ருத்வ வரணம் என்று இன்னொரு அங்கம் இருக்கிறது: நீதான் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பது. பெரும்பாலோர் இந்த இடம் வரை வருவதே இல்லை. எல்லாம் தெரிந்தவனிடம் தனியாக வேறு கேட்க வேண்டுமா என்ற கூச்சம். எனக்கும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுக் கேளுங்கள்.