நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: கறியும் சோறும் மட்டும் போதாது

மதுரையில் நாய் வளர்க்கும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை நெல்பேட்டைக்குப் போனால் நாய்க்கும் சேர்த்தே கறி வாங்குவார்கள். நல்ல கறி, மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து வைக்கிறோம், இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். அந்தத் தட்டில் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து இருக்கிறது. கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. வீட்டுச் சாப்பாட்டில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் பாசமாக, செலவு செய்து போடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கால்சியமோ 10 மில்லிகிராமை ஒட்டித்தான். நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, கொஞ்சம் கூடுதலாகவோ இருக்க வேண்டும். சாப்பாட்டில் வராத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். வளரும் குட்டியாக இருந்தால் கால் வளையும், நொண்டும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். பெரிய நாயிடம் மாதக்கணக்கில் வெளியே எதுவும் தெரியாது.

“அதுக்குத்தானே எலும்பு போடுறோம்” என்பார்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கோழி எலும்பு இன்னும் மோசம். சரி, ஆட்டுக்கால் சூப் வைத்து ஊற்றலாமே என்றால், எலும்பில் இருக்கும் கால்சியம் சாற்றில் இறங்குவது மிகக் குறைவு. கேப்பைக் கூழ் நல்லதுதான், 100 கிராம் கேப்பையில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். ஆனால் கறியில் உள்ள குறையை ஈடுகட்ட அது மட்டும் பத்தாது.

எளிய வழி முட்டை ஓடு. கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். தலை தட்டிய அரை டீஸ்பூனில் ஏறக்குறைய 1 கிராம் கால்சியம் கிடைக்கும். வளர்ந்த, ஆரோக்கியமான 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அது போதும். குட்டிகளுக்கு இந்தக் கைக்கணக்கு வேண்டாம். ராஜபாளையம், லாப்ரடார் மாதிரி பெரிதாக வளரும் இனங்களின் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணலாகும். குட்டியின் உடம்பால் அதிகப்படியானதைத் தள்ள முடியாது. மருந்துக்கடையில் நாமாகக் கேட்டுக் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது அதனால்தான் ஆபத்து. குட்டிகளுக்கு எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

அடுத்தது குழம்பு. வெறும் சோறு இறங்காது என்று மிஞ்சின சாம்பாரையோ, புரோட்டாவோடு வந்த சால்னாவையோ ஊற்றிப் பிசைவது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயத்தை எடுத்துவிட்டாலும் சாறு குழம்பில்தான் இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல் சேர்ந்துகொண்டே வரும். ஈறு வெளிறி, சிறுநீர் பழுப்பாகப் போவது சில நாள் கழித்துத்தான் தெரியும். புளியையும் சொல்ல வேண்டும். திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதான நிகழ்வுகள் 2022-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. புளிக்குழம்பு, புளியோதரை, ரசம் எதுவும் நாய்த்தட்டுக்கு வேண்டாம்.

புரட்டாசியிலும், சபரிமலைக்கு மாலை போட்ட நாட்களிலும் வீட்டோடு சேர்ந்து நாயும் தயிர்ச்சோற்றுக்கு மாறிவிடும். நம்பிக்கையில் தவறில்லை, புரதத்தை மட்டும் பாருங்கள். 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 600 கிலோகலோரி அளவு தேவை, அதில் குறைந்தது 27 கிராம் புரதம் இருக்க வேண்டும். 350 கிராம் சோறும் கால் லிட்டர் தயிரும் வைத்தால் வயிறு நிறையும், புரதம் 17 கிராம்தான் வரும். முட்டைக்கு வீட்டில் தடை இல்லையென்றால் இரண்டு அவித்த முட்டை சேர்க்கலாம். அதுவும் ஆகாதென்றால் உப்பில்லாமல் வேகவைத்துப் பிழிந்த மீல்மேக்கர் இருக்கிறது, உலர்ந்த நிலையில் அதில் பாதி புரதம்.

ஈரல் சத்துதான், ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் கிண்ணம் நிறைய வைத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். மொத்தச் சாப்பாட்டில் இருபதில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். பச்சை முட்டை வேண்டாம், அவித்தே கொடுங்கள்.

வளர்ந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கான அடிப்படை இப்படி இருக்கலாம்: பச்சையாக நிறுத்த எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம், வெந்த சோறு 200 கிராம், ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ பீன்ஸோ, ஒன்றரை டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய், முட்டை ஓட்டுப் பொடி அரை டீஸ்பூன். இதிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி குறையும். மதுரை வெயிலில் நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தாலும் நாயின் தோல் மனிதத் தோல்போலப் போதிய வைட்டமின் டி தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். வாரம் இரண்டு நாள் கறிக்குப் பதில் முள் நீக்கிய சாளை மீன் வைத்தால் ஓரளவு உதவும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அதனால் நாய்க்கென்றே தயாரித்த வைட்டமின், தாதுப் பொடியை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்ப்பதை நான் கட்டாயம் என்பேன். கிராமத்துப் பக்கம் மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையில் ஒரு சிட்டிகை போடுகிறார்கள். அது அசைபோடும் வயிற்றுக்கான கணக்கு, நாய்க்குப் பொருந்தாது.

பழைய தீனியிலிருந்து புதியதுக்கு ஒரே நாளில் மாற்றாமல், ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அப்புறம், மருத்துவரிடம் போகும்போது “கறிச்சோறுதான் போடுறோம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். கறி எத்தனை கிராம், சோறு எத்தனை கிராம், நடுவில் கொடுக்கும் பிஸ்கட் எத்தனை என்று ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துப் போங்கள். எந்தச் சத்து குறைகிறது, எது கூடுகிறது என்று அதைப் பார்த்துத்தான் அவரால் சொல்ல முடியும்.