ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கேட்பது கரைச்சல் இல்லை

நேரசூசியில் வகுப்பு 10 மணிக்கு என்று போட்டிருந்தால், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் அது தொடங்குவது 10.10க்கு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடந்து வருவதற்கென்று விட்ட பத்து நிமிடம் அது. எல்லாருக்கும் தெரியும் என்ற மாதிரியே காரியம் நடக்கும். என் முதல் வகுப்புக்கு 9.50க்கே போய் இருந்தேன். பத்து மணியாகியும் பேராசிரியர் வரவில்லை. இடம் மாறி வந்துவிட்டேனாக்கும் என்று எழும்பி, இரண்டு மாடி ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது பாடம் பாதி போய்விட்டது. பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் இருந்தார். "இதுதானே அந்த வகுப்பு?" என்று அவரிடம் கேட்டிருந்தால் முடிந்த விஷயம். கேட்கவில்லை. ஆருக்கும் கரைச்சல் குடுக்கக் கூடாது என்றுதானே எங்களை வளர்த்தார்கள்.

இங்கே முதலில் மாணவராகவும் பிறகு வேலை செய்பவராகவும் இருந்து பார்த்ததில், எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் குளிரும் செய்கிற கெடுதலைவிடக் கேட்காமல் இருக்கிற இந்தப் பழக்கம் செய்கிற கெடுதல் பெரிது என்று உறுதியாக நம்புகிறேன். கீழே வருவதை அதை மனதில் வைத்து வாசியுங்கள். ஒன்று, பரீட்சைக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது. குறித்த நேரத்துக்கு முன்னமே போய்விடுங்கள்.

இது 1827இல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஏறத்தாழ ஒரு இலட்சம் மாணவர்கள், மூன்று வளாகங்கள்: நகர நடுவில் செயின்ற் ஜோர்ஜ், கிழக்கே ஸ்காபறோ, மேற்கே மிசிசாகா. அனுமதிக் கடிதத்தில் எந்த வளாகம் என்று பார்த்த பிறகுதான் வீடு தேட வேண்டும். "மாமா வீடு ஸ்காபறோவில்தானே, அங்கே நிற்கலாம்" என்று வருகிறவர்கள் பலர். படிப்பு செயின்ற் ஜோர்ஜில் என்றால் மாமா வீட்டிலிருந்து பஸ்ஸில் கென்னடி நிலையம், அங்கிருந்து சப்வே என்று ஒரு வழிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கலாம். முதல் ஆண்டில் அந்தப் பயணம் ஆளை உறிஞ்சிவிடும். ஒரு வசதி, கென்னடியிலிருந்து செயின்ற் ஜோர்ஜ் நிலையம்வரை ரயில் மாறத் தேவையில்லை, இருந்து வாசிக்கலாம். முன்பு வந்தவர்கள் சொல்லும் ஸ்காபறோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. அவர்கள் சொன்ன வழியை நம்பிப் புறப்படாதீர்கள். பிரெஸ்ரோ என்ற பயண அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ்ஸும் ரயிலும் எத்தனை தடவை மாறினாலும் ஒரே கட்டணம்.

வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் போய் இறங்குவது ஸ்காபறோவில் தமிழாட்களின் வீட்டுப் பேஸ்மென்றில்தான். நல்ல மனிதர்கள் நிறையப் பேர். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவந்து தருகிற அன்ரிமாரும் உண்டு. ஆனால் நான் முதலில் இருந்த இடத்தில் கடைசி மாத வாடகையோடு, "சேதத்துக்கு" என்று இன்னொரு மாதக் காசும் வாங்கினார்கள். ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியேறும்போது அந்தக் காசு திரும்பி வரவில்லை. பிறகுதான் அறிந்தேன்: ஒன்ராரியோ சட்டப்படி முற்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டுமே. சேதத்துக்கென்று வைப்புப் பணம் கேட்கவே முடியாது. திறப்புக்கு ஒரு சிறு தொகை கேட்கலாம், அதையும் திருப்பித் தர வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் மாகாணத்தின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஆட்கள் அடிக்கடி மாட்டுப்படுகிற இடம் இன்னொன்று: குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்தால் இந்த வாடகைச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். அதனால் பேஸ்மென்றுக்குத் தனி வாசல், தனிக் குசினி இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பார்க்காமல் ஊரிலிருந்தே காசு அனுப்ப வேண்டாம். முதலாண்டு இளங்கலைக்கு வருகிறவர்கள் பல்கலைக்கழக விடுதிக்குக் காலத்தோடு விண்ணப்பித்துவிடுங்கள். செலவு கூடத்தான், ஆனால் முதல் வருடம் வளாகத்துக்குள் இருப்பதற்கு அந்தக் காசு தகும்.

கடதாசி வேலைகள் சுருக்கமாக: சமூகக் காப்புறுதி எண் இல்லாமல் சம்பளம் எடுக்க முடியாது. தற்காலிக அனுமதியில் வருபவர்களுக்கு அது 9இல் தொடங்கும். பன்னாட்டு மாணவர்களுக்கு யூஹிப் என்ற மருத்துவக் காப்புறுதி கட்டணத்தோடு சேர்ந்தே வரும். அட்டையை இணையத்தில் எடுத்து வைத்திருங்கள். பல்லுக்கும் மருந்துக்கும் மாணவர் சங்கத்தின் காப்புறுதி வேறாக இருக்கிறது. அதற்கும் நீங்கள் காசு கட்டுகிறீர்கள் என்பதால் கண்ணாடி, பல் வைத்தியம் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். முழுநேரப் பன்னாட்டு மாணவர் படிப்புப் பருவத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்வரை வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பரில் வந்த விதி. வளாகத்துக்குள் செய்கிற வேலைக்கு அந்த எல்லை இல்லை. ஆகவே பெற்றோல் ஸ்ரேசன் இரவு வேலைக்கு ஓடுவதற்கு முன் நூலகம், விளையாட்டரங்கு, அலுவலகங்களில் மாணவர் வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிப் படிப்பு. ஊரில் பேராசிரியரின் அறைக்குப் போவது என்றால் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் கிழமையில் ஒரு மணித்தியாலமோ இரண்டோ "ஒஃபிஸ் அவர்ஸ்" என்று ஒதுக்கியிருக்கும். மாணவர்கள் வந்து கேட்பதற்கென்றே பேராசிரியர் அறையில் இருக்கிற நேரம் அது. முதல் பருவத்தில் ஒரு புள்ளிவிபரப் பாடம் எனக்குத் தலைகீழாக நின்றது. மூன்று கிழமை அந்தக் கதவுக்கு முன்னால் நடந்துவிட்டுத் திரும்பினேன். நாலாவது கிழமை கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். வயதான மனிதர், மேசையில் ஆறிப்போன கோப்பி, வருகிறவர்களுக்கான கதிரையில் நெஞ்சுயரத்துக்குக் கடதாசிக் கட்டு. என்னைக் கண்டதும் எழும்பி அந்தக் கட்டை இரண்டு கையாலும் தூக்கி நிலத்தில் வைத்தார். தூசி பறந்தது. "இந்தப் பருவத்தில் இந்தக் கதிரையில் இருக்கிற முதல் ஆள் நீர்தான்" என்றார். முந்நூறு பேர் படிக்கிற வகுப்பு அது. அரை மணித்தியாலம் ஒரு பென்சிலோடு இருந்து, எனக்கு எந்த இடத்தில் விளங்காமல் போகிறது என்று கண்டுபிடித்தார். நான் வெளியே வரும்போது அவர் நன்றி சொன்னார், நான் அல்ல. அந்தக் கதிரையை நான் மறக்கவில்லை.

போகும்போது "ஒன்றும் விளங்கவில்லை" என்று போகாதீர்கள். இந்தக் கணக்கை இவ்வளவு தூரம் செய்தேன், இந்த வரியில் நிற்கிறேன் என்று தாளோடு போங்கள். "சேர்" தேவையில்லை. "புரொஃபெசர்" என்று கூப்பிட்டால் போதும். சிலர் முதற்பெயரைச் சொல்லச் சொல்வார்கள், நா வராவிட்டாலும் பழகிவிடும்.

முதல் மதிப்பெண் பலரை உடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் தொண்ணூறுக்குக் குறையாதவர்கள் இங்கே அறுபத்தைந்தைக் கண்டு, வீட்டுக்குச் சொல்லாமல் அறைக்குள் முடங்கியதைப் பார்த்திருக்கிறேன். இங்கே 73இலிருந்து 76வரை எடுத்தால் அது "பி". மானம் போகிற விஷயமே இல்லை. பாடத்தை விடுவதற்கு ஒரு கடைசித் திகதி உண்டு. அதைப் பருவத்தின் முதல் நாளே கலண்டரில் குறியுங்கள். செயின்ற் ஜோர்ஜில் கலை, அறிவியல் படிக்கிற இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் ஏழு கல்லூரிகளில் ஒன்றைச் சேர்ந்தவர். அந்தக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகம்தான் உங்கள் வாசல். சுகமில்லை, காசு முட்டு, வீட்டில் செத்தவீடு, எதுவானாலும் பரீட்சைக்கு முன் அங்கே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு. கட்டுரை எழுதத் தடுமாறுகிறவர்களுக்கு எழுத்து மையங்கள் உண்டு, ஒருவரோடு ஒருவர் இருந்து பார்ப்பார்கள், காசில்லை. இணையத்திலிருந்தோ நண்பரிடமிருந்தோ எடுத்து எழுதுவதை ஊரில் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். இங்கே அது விசாரணைவரை போகும். கட்டுரையைக் குடுத்த நண்பரும் சேர்ந்து மாட்டுப்படுவார்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு: 2018 முதல் முனைவர் பட்டத்துக்குப் பன்னாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் கட்டுவதும் உள்நாட்டு மாணவர்களின் கட்டணமே. உதவித்தொகைக் கடிதத்தில் உள்ள தொகையிலிருந்து அந்தக் கட்டணத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பன்னிரண்டால் பிரியுங்கள். கையில் மாதம் என்ன வரும் என்று தெரியும். உதவி ஆசிரியர் வேலை கிடைத்தால் நீங்கள் கியூப்பி 3902 என்ற தொழிற்சங்கத்தின் அங்கத்தவர். 2015இல் ஏறத்தாழ ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்த சங்கம். வேலை தொடங்கும்போது டி.டி.ஏ.எச். என்று ஒரு படிவம் தருவார்கள்: வகுப்புக்கு இவ்வளவு மணித்தியாலம், திருத்துவதற்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும். செய்த நேரத்தை எழுதி வையுங்கள். மணித்தியாலம் முடிந்துபோகிற மாதிரி இருந்தால் முதலே சொல்ல வேண்டும். இரவிரவாகச் சும்மா திருத்திக் குடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறவர்கள் எங்கள் ஆட்கள்தான் அதிகம். மேற்பார்வையாளரோடு மட்டும் எல்லாம் முடிகிறது என்றும் நினைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஆய்வுக்குழு முழுவதும் கூட வேண்டும் என்பது விதி. பிரச்சினை இருந்தால் அந்தக் கூட்டத்தை நீங்களே கேளுங்கள்.

வேலைக்கு வருகிறவர்களை இந்த மாதிரி வழிகாட்டிகளில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தின் விளக்கு எரிவதே அவர்களால்தான். ஆய்வுகூடத்தில் இரவு பிந்தி நின்ற ஒருநாள் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் நின்றுவிட்டார். "பிள்ளை தமிழோ? இன்னும் சாப்பிடேல்லையோ?" என்றார். தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ரொட்டியும் சம்பலும் பாதி எடுத்துத் தந்தார். பல வருடமாக அங்கே வேலை. எந்த மாடியில் மைக்ரோவேவ் வேலை செய்யும், எந்தக் கதவு பத்து மணிக்குப் பிறகு பூட்டும் என்று அவர் சொன்னதை எந்த அறிமுக வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அவருடைய மகள் பணியாளர்களின் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகையில் இங்கேயே படித்தவர். இந்தச் சலுகையைப் பற்றித் தெரியாமல் வருடக்கணக்காக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். துப்புரவு, உணவக வேலைகளில் உள்ளவர்களுக்குக் கியூப்பி 3261, அலுவலகப் பணியாளர் பெரும்பாலோருக்கு உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் 1998ஆம் கிளை. முதல் கிழமையே உங்கள் சங்கப் பிரதிநிதி யார் என்று கேளுங்கள், ஒப்பந்தத்தில் கல்விக் கட்டணம் பற்றிய பகுதியை வாசியுங்கள். எழுத்து வராவிட்டால் படிக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கேளுங்கள், வாசித்துச் சொல்லும்.

குளிரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் இருட்டைப் பற்றிச் சொல்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். டிசம்பரில் பின்னேரம் 4.40க்கே சூரியன் போய்விடும். நித்திரை குழம்பும், ஒன்றிலும் மனம் போகாது. அது உங்கள் பலவீனம் இல்லை. மதியத்தில் இருபது நிமிடமாவது வெளியே நடங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வளாகச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "மனசுக்கு" வைத்தியரிடம் போவதை வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் பொதுவாக அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே தமிழுக்கும் இடம் இருக்கிறது. ஆங்கிலப் பேராசிரியராக இருந்த செல்வா கனகநாயகம் ஈழத்துக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 2006இல் தொடங்கிய தமிழியல் மாநாட்டின் பின்னால் நின்றவர்களில் ஒருவர், 2014இல் காலமானார். ஸ்காபறோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 30 இலட்சம் டொலரை எங்கள் சனமே சேர்த்தது, 2021இல் நிறைந்தது. பதினாலு மாடி ரொபார்ட்ஸ் நூலகத்தில் பி.எல். 4758 என்ற எண்ணைத் தேடிப் போங்கள், தமிழ் இலக்கியம் வரிசையாக நிற்கும். பொறியியல் படிக்கிறவர்களும் எடுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழகம் புதுவருடம் முடியும்வரை பூட்டிவிடும். விடுதி உணவகங்களும் நிற்கும். போன வருடம் ஒரு பிள்ளை அந்த நாட்கள் முழுக்க நூடுல்ஸோடு தனிய இருந்ததை ஜனவரியில்தான் அறிந்தோம். பூட்டுவதற்கு முதல் நாள் நூலகத்தில் நாலு புத்தகம் எடுத்துக்கொண்டு, வகுப்பில் தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் "நத்தாருக்கு உங்கட வீட்டை வரட்டோ?" என்று கேட்டுவிடுங்கள். ஸ்காபறோ, மார்க்கம் வீடுகளில் அன்றைக்கு எப்படியும் இரண்டு பேருக்குக் கூடத்தான் சமைத்திருப்பார்கள்.