கைத்துப்பாக்கி: தோட்டா இறக்குவதும் பூட்டி வைப்பதும்

துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அதில் தோட்டா இருப்பதாகவே கொள்ளுங்கள். விரல் விசைக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கட்டும்.

பிஸ்டலில் தோட்டா இறக்க, அதாவது உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க, வரிசை முக்கியம். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றுங்கள். பிறகே குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறையிலுள்ள (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டாவை வெளியேற்றி, ஸ்லைடை அங்கேயே நிறுத்துங்கள். வரிசை மாறினால், ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். ‘காலி’ என்று நினைத்த துப்பாக்கி வெடிக்க இது ஒன்றே போதும். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருந்தால் தோட்டா வெளியே வராமல் தங்கிவிடவும் கூடும்; அதனால் அறையைக் கண்ணால் பார்ப்பதோடு சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். ரிவால்வரில் வேலை எளிது: தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து, தோட்டாக்களை வெளியேற்றி, எல்லாத் துளைகளும் காலியா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் போதும்.

துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில். அலமாரி உச்சியெல்லாம் மறைவிடமே அல்ல, குழந்தைகள் ஏறிவிடுவார்கள். சாவி இருக்கும் இடமும் அவர்களுக்குத் தெரியக் கூடாது.

தோல் உறையிலேயே நாள்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு ஏறும். துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பை ஈரம் குடித்துவிட்டால் மாற்றுங்கள்.