டிஸ்க் நிறைந்துவிட்டதா? டெர்மினலில் குப்பை அள்ளலாம்

ஹட்டன் டவுனில் நான் வேலை பார்க்கும் கொமினிகேஷனில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது, டிஸ்க் வெறும் 120 ஜிபி. பயோடேட்டா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தேர்த்திருவிழா நோட்டீஸ் என்று தோட்டத்து ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் டவுன்லோட் ஃபோல்டரில் வந்து விழுந்து அங்கேயே கிடக்கும். மவுஸால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தால் வாசல் வரை ஆள் நிற்கும். அதனால் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினல்தான். கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்; மைனஸ் என்றால் -, ஸ்டார் என்றால் *, பைப் கோடு என்றால் |, மைனஸுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ்.

முதலில் டிஎஃப் மைனஸ்எச், எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும். அப்புறம் டியூ மைனஸ்எஸ்எச் ஸ்டார் என்று தட்டி, பைப் கோடு போட்டு சோர்ட் மைனஸ்எச் சேர்த்தால், இடத்தை அடைக்கிற பெரிய ஆள் பட்டியலின் கடைசியில் நிற்பார். ஆனால் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்கள் இந்த ஸ்டாரில் சிக்காது. 'புள்ளி கேஷ்' ஃபோல்டரைத் தனியாகப் பாருங்கள், பிரவுசர் சேர்த்து வைத்த தற்காலிக ஃபைல்கள் பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

அழிக்கும் கட்டளை ஆர்எம். இது குப்பைத்தொட்டிக்கு அனுப்பாது, போனது போனதுதான். ஒருமுறை பின்னேரம் கடை மூடுகிற அவசரத்தில் 'ஸ்டார் புள்ளி டிஎம்பி' என்று தட்டும்போது ஸ்டாருக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. ஸ்டார் தனியாக நின்றால் 'எல்லாம்' என்று அர்த்தம், அந்த ஃபோல்டரிலிருந்த ஃபைல் அத்தனையும் போய்விட்டன, மறுநாள் பிரிண்ட் எடுக்க வேண்டிய கோயில் நோட்டீஸ் உட்பட. இரவு முழுக்க உட்கார்ந்து திரும்ப டைப் அடித்தேன். அன்றிலிருந்து ஸ்டார் போடும் இடத்தில் முதலில் எல்எஸ் தட்டி, வருகிற பெயர்களை வாசித்துவிட்டுத்தான் ஆர்எம் மைனஸ்ஐ. மைனஸ்ஐ போட்டால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டு அழிக்கும். எரிச்சல்தான், இருக்கட்டும்.

பழையதை மொத்தமாகக் கழிக்க ஃபைண்ட் நல்லது. ஃபைண்ட், ஸ்பேஸ், புள்ளி (இப்போது நீங்கள் நிற்கும் ஃபோல்டர் என்று அர்த்தம்), பிறகு மைனஸ்டைப் எஃப், மைனஸ்எம்டைம் பிளஸ்30 என்று தட்டினால், 30 நாளுக்கு மேல் மாற்றம் எதுவும் செய்யாத ஃபைல்களை உள் ஃபோல்டர்கள் வரை போய்க் காட்டும். பட்டியலைப் பார்த்துச் சரி என்றால் மட்டும் அதே வரியின் கடைசியில் மைனஸ்டிலீட் சேருங்கள். கடைசியில்தான்! முன்னால் போட்டால் நாள் கணக்கைப் பார்க்காமலே எல்லாவற்றையும் வழித்துவிடும், களை பிடுங்கச் சொன்னால் தேயிலைச் செடியையும் பிடுங்குகிற மாதிரி.

சிஸ்டம் குப்பைக்கு சூடோ ஏபிடி கிளீன் போதும் (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓடு என்று அர்த்தம்), இறக்கி வைத்த பக்கேஜ்கள் போய்விடும், போட்ட மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் டிஎஃப் பழைய கணக்கையே காட்டினால் பயப்பட வேண்டாம். அழித்த ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம், அதை மூடினால் இடம் வந்துவிடும்.