ஹைட் கேஜ் போலியா? கடையிலேயே சோதியுங்கள்

கோல்ஃப் மைதானத்தின் கிரீனில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், புல்லை சுமார் 3 மி.மீ. உயரத்துக்கு வெட்டுவார்கள். ரீல் மோவரை (உருளை பிளேடால் புல் வெட்டும் இயந்திரம்) அந்த அளவுக்கு செட் செய்ய, அதன் முன் பின் ரோலர்களுக்குக் குறுக்கே வைத்து வெட்டு உயரத்தை அளக்கும் ஹைட் கேஜ் பாரைத்தான் நம்ப வேண்டும். கேஜில் அரை மி.மீ. பிசகினாலே புல் மொட்டையாகிவிடும். மலிவான நகல்கள் அச்சு அசலாக இருப்பதால் பெட்டியையும் லோகோவையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பாரின் தட்டையான முகத்தை அதோடு ஒட்டி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடையில் கீற்றாக ஒளி தெரிந்தால் பார் வளைந்திருக்கிறது, வாங்கவே வேண்டாம்.

அப்புறம் பாரில் உயரத்தை செட் செய்யும் ஸ்க்ரூ. அதன் தலையின் அடிப்பக்கம்தான் பெட்நைஃப் (மோவரின் அடியில் அசையாமல் இருக்கும் பிளேடு) விளிம்பில் மாட்டும். அந்த இடம் கூர்மையாக, சதுரமாக இருக்க வேண்டும். மட்டமான நகல்களில் மழுங்கியோ பிசிறோடோ இருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். லாக் நட்டை இறுக்கிவிட்டு ஸ்க்ரூவை ஆட்டிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் அளவு நிற்காது.

டயல் வைத்த மாடல் என்றால் ஒரே தகட்டை நாலைந்து தடவை அளந்து பாருங்கள். முள் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நின்றால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.