வீட்டுக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர்: பெட்டி பிரிப்பதிலிருந்து தண்ணீர் வடிப்பது வரை

எங்கள் தெருமுனை பஞ்சர் கடையை மூடிவிட்டார்கள். ஒரு கார், இரண்டு பைக், பையனின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் காற்றுப் பிடிக்க பெட்ரோல் பங்க்தான் கதி. போகும்போதெல்லாம் காற்றடிக்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பார். அப்படித்தான் காற்றை அழுத்தி டேங்கில் அடைத்து வைக்கும் மெஷினான கம்ப்ரஸர், 24 லிட்டர் டேங்கோடு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. இருப்பது தூத்துக்குடி. காற்றிலேயே உப்பும் ஈரமும் கலந்திருக்கும் ஊர். அதனால் இதில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

பெட்டியில் ஹெச்பியைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் சிஎஃப்எம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர் காற்று. அதிலும் பிஸ்டன் இழுக்கிற காற்று ஒரு கணக்கு, உண்மையில் வெளியே வருகிற காற்று இன்னொரு கணக்கு. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது, அது எப்போதும் குறைவாகவே இருக்கும். கடைக்காரர் சொல்வது எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

ஆயில் ஊற்றுகிற வகை, ஆயில் இல்லாத வகை என்று இரண்டு உண்டு. ஆயில் வகையில் சத்தம் குறைவு, உழைப்பும் அதிகம். ஆயில் இல்லாததற்குப் பராமரிப்பு குறைவு, ஆனால் சாதாரண மாடல் ஓடினால் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்ப்பார். டயருக்கும் தூசி ஊதவும் மட்டும் என்றால் எதுவானாலும் சரி. நான் எடுத்தது ஆயில் வகை.

படி 1: ஆயிலும் ஃபில்டரும்

புது மெஷினில் பெரும்பாலும் ஆயில் இருக்காது. ஆயில் ஊற்றும் வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும் இருக்கும். அதைக் கழற்றி ஆயிலை ஊற்றிவிட்டு, பெட்டிக்குள் தனியாகக் கொடுத்திருக்கும் ஓட்டையுள்ள மூடியைப் போடுங்கள். பழைய மூடியையே திருப்பிப் போட்டால் உள்ளே மூச்சு முட்டி ஆயில் வெளியே தள்ளும். பக்கவாட்டில் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும், அதன் நடுவில் சிவப்பு வட்டம். ஆயில் அந்த வட்டத்தின் மட்டத்தில் நின்றால் போதும். பைக் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று அதை ஊற்ற வேண்டாம், கம்ப்ரஸர் ஆயில் தனியாகக் கிடைக்கிறது. எந்த கிரேடு என்று கையேட்டில் இருக்கும். காற்று ஃபில்டரைக் கையாலேயே முறுக்கிவிடலாம்.

படி 2: வைக்கும் இடமும் பிளக்கும்

சமதளத்தில், சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். 2 ஹெச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 1500 வாட் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் அந்தக் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. ஆகவே 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்தான் வேண்டும். செல்போன் சார்ஜ் போடுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகும். அப்படி முனகினால் உடனே நிறுத்துங்கள், விட்டால் காயில் கருகும். தூரம் போதவில்லையா? வயரை நீட்டாமல் காற்று ஹோஸை நீட்டுங்கள்.

படி 3: முதல் ஓட்டம்

டேங்கின் அடியில் ஒரு வடி வால்வு இருக்கும். அதை முழுதாகத் திறந்துவிட்டு மெஷினை 20, 30 நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பிஸ்டனும் ரிங்கும் பழகட்டும். பிறகு வால்வை மூடினால் அழுத்தம் காட்டும் முள் ஏற ஆரம்பிக்கும். பல மெஷின்களில் 8 பார், அதாவது சுமார் 116 பிஎஸ்ஐ வந்ததும் மோட்டார் தானாக நிற்கும். நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், பிஸ்டன் தலையில் மாட்டிய காற்றை ஸ்விட்ச் வெளியே விடுகிறது. அந்தப் 'புஸ்' வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு எல்லா மூட்டுகளிலும் தடவுங்கள். நுரை கிளம்பும் இடத்தில் கசிவு. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அந்த மூட்டைக் கழற்றி டெஃப்லான் டேப் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 4: டயருக்குக் காற்று

மெஷினில் இரண்டு கேஜ் இருக்கும். ஒன்று டேங்குக்குள் இருப்பதைக் காட்டும், மற்றது ஹோஸுக்குப் போவதை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் குமிழ்தான் ரெகுலேட்டர். குமிழை மேலே இழுத்து, வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் ஏறும். சைக்கிள் ட்யூபில் நேராக 116 பிஎஸ்ஐயைத் திறந்துவிட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வெடிக்க வைத்தவர்கள் உண்டு. டயருக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் ரெகுலேட்டரை வையுங்கள்.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கார் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும். பைக்கில் பெரும்பாலும் செயின் கவர் பக்கம். காலையில், வண்டி எடுக்கும் முன் பிடியுங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

டேங்க் சின்னதாயிற்றே, போதுமா என்று கேட்பார்கள். சின்ன கார் டயரின் உள்ளளவு சுமார் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 பிஎஸ்ஐ ஏற்ற 10 லிட்டர் காற்று போதும். நான்கு டயருக்கும் 40 லிட்டர். நம் டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குவதற்குள், ஒரு பாருக்கு 24 லிட்டர் என்று 48 லிட்டர் கொடுத்துவிடும். மோட்டார் மறுபடி ஓடக்கூடத் தேவையில்லை.

படி 5: தண்ணீர் வடிப்பது

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரிந்துவிடும். நம் கடலோர ஊர்க் காற்றில் 24 லிட்டர் டேங்கை ஒருமுறை நிரப்பினாலே கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் தண்ணீர் அடியில் சேரும்.

முதல் ஆறு மாதம் நான் வடிக்கவே இல்லை. அப்புறம் ஒருநாள் ஸ்ப்ரே கன் வாங்கி வாசல் கேட்டுக்கு பெயின்ட் அடித்தேன். பாதிக் கேட் அழகாக வந்தது. மீதிப் பாதியில் கன் துப்பியது, பெயின்ட்டுக்கு நடுவே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. டேங்க் வால்வைத் திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அந்த நிறம் துரு. டேங்க் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கியிருந்தது.

இப்போது ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, காற்றை 1 பார் வரை இறக்கி, வால்வுக்குக் கீழே பழைய பெயின்ட் டப்பா ஒன்றை வைத்து மெதுவாகத் திறக்கிறேன். மழைக்காலத்தில் பெயின்ட் அடிப்பதென்றால் நடுவிலும் ஒருமுறை. ஹோஸ் வழியில் தண்ணீர் பிரிப்பான் ஒன்று மாட்டினால் இன்னும் நல்லது. இன்னொன்று, கேட் அளவுக்கு வேண்டுமானால் இந்த மெஷின் தாங்கும். காருக்கு பெயின்ட் அடிக்கும் பெரிய கன்களுக்கு 10 சிஎஃப்எம்மும் அதற்கு மேலும் வேண்டும், அந்த ஆசை வேண்டாம்.

கரண்ட் போனால்

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், முதல் வேலையாக மெஷினின் சிவப்புக் குமிழை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் தலையிலிருக்கும் காற்று இறங்கும். இல்லையென்றால் கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திணறி, மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்சான எம்சிபி விழும். தினசரி நிறுத்துவதும் இந்தக் குமிழில்தான், பிளக்கைப் பிடுங்கியல்ல.

விளையாடக் கூடாதவை

கம்ப்யூட்டர் தூசி ஊதும்போது காற்று ஊதும் கன்னைத் தள்ளிப் பிடித்து, அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குள் வையுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது கண்மண் தெரியாமல் சுற்றி பேரிங் போய்விடும். கண்ணாடி போடாமல் ஊதவே கூடாது.

விளையாட்டுக்குக்கூட யார் உடம்பின் மேலும் ஊதாதீர்கள். பட்டறைகளில் இந்த 'விளையாட்டில்' குடல் கிழிந்து செத்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஹோஸைக் கழற்றித் தனியே பூட்டி வையுங்கள்.

காற்று லைன் இழுக்க பிவிசி பைப் வேண்டாம், உடைந்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும். டேங்க் மேலிருக்கும் வளையம் வைத்த சேஃப்டி வால்வை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று சீறினால் அது வேலை செய்கிறது. சீறாவிட்டால் புதிது மாற்றும் வரை மெஷினைத் தொடாதீர்கள்.

டேங்கில் ஊசிமுனை அளவுக்குத் துரு ஓட்டை தெரிந்தால் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் அதே அளவுக்கு மெலிந்திருக்கும். மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு டேங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.