இன்றைய பவுன் விலை: நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

காலையில் போனைத் திறந்தால் "சவரனுக்கு 800 ரூபாய் கூடியது" என்று வந்து கிடக்கிறது. கூடியது சரி, எதனால் கூடியது? உலகச் சந்தையில் தங்கம் ஏறியதா, ரூபாய் சரிந்ததா, இல்லை தில்லியில் இறக்குமதி வரியில் கை வைத்தார்களா? காரணத்தைப் பொறுத்துத்தான் இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா என்பதும் மாறும். நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலீடு செய்கிற ஆள், சந்தை நிபுணன் கிடையாது. ஆனால் இந்தக் கணக்குக்கு நிபுணர் தேவையே இல்லை, கால்குலேட்டர் போதும். தங்கத்தில் பணம் போடுகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அவுன்ஸ் தங்கம் எத்தனை டாலர், ஒரு டாலர் எத்தனை ரூபாய், இறக்குமதி வரி எத்தனை சதவீதம். முதல் இரண்டும் இணையத்தில் நொடியில் கிடைக்கும். வரி அடிக்கடி மாறாது: 2022 ஜூலையில் 15% ஆக்கினார்கள், 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் 6% ஆகக் குறைத்தார்கள். நீங்கள் கணக்குப் போடும் நாளில் என்ன விகிதமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்கான அவுன்ஸ் 31.1035 கிராம், சமையல் குறிப்பில் வருகிற 28 கிராம் அவுன்ஸ் வேறு. தங்கம் 4,000 டாலர், டாலர் 88 ரூபாய், வரி 6% என்று வைத்துக்கொள்வோம். 4,000-ஐ 31.1035 ஆல் வகுத்தால் கிராம் 128.60 டாலர். அதை 88 ஆல் பெருக்கினால் 11,317 ரூபாய், வரி சேர்த்தால் 11,996. இது 24 காரட் சுத்தத் தங்கம். கடையில் நகையாக விற்பது 22 காரட், அதாவது 91.6% தங்கம், ஆகவே 0.916 ஆல் பெருக்கினால் கிராம் 10,988 ரூபாய். எட்டு கிராம் ஒரு பவுன் என்பதால் பவுன் சுமார் 87,900. இதற்கு மேல் 3% ஜிஎஸ்டி தனி.

சென்னையில் நகை வியாபாரிகள் சங்கம் அறிவிக்கிற விலையும் உங்கள் கணக்கும் அச்சாக ஒத்துப்போகாது. இரண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளூரில் தட்டுப்பாடு இருக்கிறது, அல்லது முகூர்த்த சீசன் வந்துவிட்டது. கடை விலை கணக்குக்கும் கீழே இருந்தால் வாங்க ஆளில்லை.

இதே அளவுகளில் மனப்பாடமாக வைத்துக்கொள்ள மூன்று குறுக்குவழிகள் உண்டு. உலக விலை 10 டாலர் ஏறினால் பவுனுக்குச் சுமார் 220 ரூபாய். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் பவுனுக்குச் சுமார் 1,000 ரூபாய். வரி ஒரு சதவீதம் கூடினால் 830 ரூபாய். விலையும் டாலரும் மாற மாற இவையும் மாறும், ஆனால் எது எவ்வளவு கனமானது என்று பிடிபட இது போதும். டாலர் ஒரு ரூபாய் கூடுவது செய்தியில் ஓரமாக வரும், அதுவே உங்கள் பவுனில் ஆயிரம் ரூபாய்.

சரி, இதை வைத்து என்ன செய்வது? பழைய விலைகளைப் பிரித்துப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2015 நவம்பரில் முதல் தங்கப் பத்திரத்தை (தங்க விலையோடு சேர்ந்து மதிப்பு மாறும் அரசுப் பத்திரம்) கிராம் 2,684 ரூபாய்க்குக் கொடுத்தது. எட்டு வருஷம் கழித்து 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் திருப்பித் தந்தது, அது போக ஆண்டுக்கு 2.75% வட்டி வேறு. தங்கம் இரண்டே கால் மடங்கு ஆனது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் உலக விலை சுமார் 1,170 டாலரிலிருந்து 2,000 டாலர் அருகே போனது, அதாவது 1.7 மடங்குதான். மீதி எங்கிருந்து வந்தது? டாலர் 65 ரூபாயிலிருந்து 83 ஆனது, அது 1.28 மடங்கு. வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது, அதில் ஒரு நாலரை சதவீதம். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதே இரண்டே கால் வரும். லாபத்தில் கணிசமான பகுதி தங்கம் ஏறியதால் வந்ததே கிடையாது, நம் ரூபாய் தேய்ந்ததாலும் அரசு வரியைக் கூட்டியதாலும் வந்தது.

இதனால்தான் தங்கம் வாங்குவது என்பதை ரூபாயின் மீது எடுக்கிற காப்பீடு என்றே நான் பார்க்கிறேன். 2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் உலகச் சந்தையில் தங்கம் 28% விழுந்தது, அமெரிக்காவில் வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் பலத்த அடி. இங்கே டாலர் 55-லிருந்து 62 ஆனது, நடுவில் ஆகஸ்டில் 68-ஐயும் தாண்டியது. ஜனவரியில் 4% ஆக இருந்த வரி ஆகஸ்டுக்குள் 10% ஆனது. நம் கணக்கில் போட்டால் இறக்கம் பாதியாகிவிடுகிறது. இதற்கு நேர் எதிர் 2024 ஜூலை 23. உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, நிதியமைச்சர் வரியைக் குறைத்தார், அன்றைக்கே பவுன் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. அந்த வாரம் பதறி விற்றவர்களும் உண்டு, தங்கத்தின் கதையே முடிந்தது என்று பேசியவர்களும் உண்டு. வரியால் வந்த இறக்கம் ஒரு முறை வந்து நின்றுவிடும், அது தொடரும் சரிவுக்கு அடையாளம் அல்ல என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரூபாய் எப்போது சரியும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. ஆனால் கச்சா எண்ணெய் விலையைக் கவனியுங்கள். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி, அதற்கு டாலர் கொடுக்க வேண்டும். எண்ணெய் ஏறினால் டாலர் தேவை கூடும், ரூபாய் தளரும், தங்கம் டாலரில் அசையாவிட்டாலும் நம் ஊரில் ஏறிவிடும்.

உலக விலைக்கு வருவோம். அமெரிக்க வட்டி ஏறினால் தங்கம் இறங்கும் என்பது பழைய பாடம், தங்கம் வட்டி தராது என்பதால் அதில் நியாயம் இருந்தது. 2022-லிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25-5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது, தங்கம் அசரவில்லை. காரணம் 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் அந்நியச் செலாவணி இருப்பை மேற்கு நாடுகள் முடக்கியது என்று நான் நம்புகிறேன். அதைப் பார்த்த பிறகு மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 மூன்று வருஷமும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. வட்டியைப் பார்த்து வாங்குகிறவர்கள் அல்ல அவர்கள். ஆகவே இப்போது வட்டிச் செய்தியோடு மத்திய வங்கிகளின் கொள்முதலையும் சேர்த்துப் பாருங்கள், உலக தங்க கவுன்சில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது.

அதற்காக ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணிவிடாதீர்கள். 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது, அந்த விலையை மறுபடி பார்க்க 2008 ஜனவரி வரை ஆனது. 28 வருஷம்! 2011-ல் 1,900 டாலர், 2015 டிசம்பரில் 1,050. "தங்கம் விழவே விழாது" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் காட்டுங்கள்.

அடுத்து எப்படி வாங்குவது. நகை என்பது செலவு, முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பவுன் 88,000, சேதாரம் செய்கூலி சேர்ந்து 12% என்றால் 98,560, அதன் மேல் 3% ஜிஎஸ்டி போட்டால் 1,01,500 சொச்சம். விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் காசு. விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட அசல் கைக்கு வரும், கல் வைத்த நகை என்றால் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு வாங்குகிறீர்களா, சந்தோஷமாக வாங்குங்கள், ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளத்தை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். நகைக்கடையின் 11 மாதச் சேமிப்புத் திட்டத்துக்கு வங்கி டெபாசிட் போலக் காப்பீடு கிடையாது, கடை மூடினால் உங்கள் பணம் நடுத்தெருவில். செயலிகளில் விற்கிற டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது, எனவே அதையும் தவிர்க்கிறேன்.

முதலீட்டுக்கு என் தேர்வு தங்க இடிஎஃப், அதாவது தங்கத்தை வாங்கி வைத்து, அதைப் பங்குபோல யூனிட் யூனிட்டாகப் பங்குச்சந்தையில் விற்கிற ஃபண்ட். பங்குகளை மின்னணு வடிவில் வைத்துக்கொள்ளும் டிமேட் கணக்கு வேண்டும், இல்லாதவர்கள் அதே நிறுவனத்தின் தங்க ஃபண்ட் வழியாகப் போகலாம். இடிஎஃபை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5% வரி, தங்க ஃபண்டுக்கும் கட்டித் தங்கத்துக்கும் அந்தக் காலம் இரண்டு வருஷம். வாங்கும் முன் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐஎன்ஏவி என்ற எண்ணைப் பாருங்கள், அந்த யூனிட்டுக்குள் இருக்கும் தங்கத்தின் அந்த நேர மதிப்பு அது. சந்தை விலை அதைவிட அரை சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள். 2025 அக்டோபரில் வெள்ளிக்கு இதுதான் நடந்தது: இடிஎஃப் விலை உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிட வெகுவாக ஏறிப்போய், சில ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்டுகளில் ஒரே தடவையில் மொத்தமாகப் போடும் பணத்தை வாங்குவதையே நிறுத்திவைத்தன. ஐஎன்ஏவி பார்க்காமல் வாங்கியவர்களுக்கு, வெள்ளி இறங்காவிட்டாலும் அந்தக் கூடுதல் விலை கரைந்தாலே நஷ்டம்தான்.

புதிய தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு வரவில்லை. பழையவை பங்குச்சந்தையில் கைமாறுகின்றன, வாங்க நினைத்தால் மேலே சொன்ன 24 காரட் கணக்கைப் போட்டு அதைவிட மலிவாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள், வரி நிலையையும் அன்றைய விதிப்படி பார்த்துக்கொள்ளுங்கள். எம்சிஎக்ஸ் பியூச்சர்ஸ் (சிறு முன்பணம் கட்டிப் பெரிய அளவுத் தங்கத்தின் எதிர்கால விலைக்கு ஒப்பந்தம் போடுவது) பக்கம் சம்பளக்காரர்கள் போகவே வேண்டாம், கடன் வாங்கிச் சூதாடுவதற்குச் சமம்.

எவ்வளவு போடலாம்? மொத்தச் சேமிப்பில் 10 முதல் 15% என்பது என் கருத்து. மாதாமாதம் ஒரே தொகை. ஏப்ரல் மாதம் ஒரு முறை கணக்கு எடுங்கள்: தங்கம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கூடுதலை விற்று, மற்ற முதலீடுகளில் விழுந்து கிடக்கும் பக்கம் போடுங்கள், 10-க்குக் கீழே போயிருந்தால் நிரப்புங்கள். அந்த நாளில் மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஏப்ரலில் எடுத்துப் பார்த்தால், அந்த வருஷ லாபத்தில் தங்கம் கொடுத்தது எவ்வளவு, ரூபாய் சரிந்ததால் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.